நாற்பது சொற்களுக்குள்

எனக்குத் தந்தது நாற்பது சொல்.
ஓவியர் பெயர் தெரியாது, ஆண்டு உத்தேசம்,
துணிமேல் எண்ணெய் வண்ணம்,
இரவல் தந்தவர் யாரென்பது:
இதற்கே பதினைந்து போய்விட்டது.

மீதியில் ஒரு பெண்.
'வேலைக்காரி' என்று எழுதி அனுப்பினேன்.
கொஞ்சம் கரடாக இருக்கிறதே என்று
மின்னஞ்சல் வந்தது, சிரித்த முகம் ஒன்றோடு.
'சமையற்காரி'?
சமைக்கவில்லையே, மீன்தானே செதில் உரசுகிறாள்.
கடைசியில் 'பணிப்பெண்' தேறினாள்.
சிந்தனையில் ஆழ்ந்த பணிப்பெண்.
ஒரு சொல் மிச்சம்.

கண்காட்சி திறந்த மூன்றாம் ஞாயிறு
என் எழுத்து கோணாமல் ஒட்டியிருக்கிறதா
என்று பார்க்கப் போனேன்.
வெளியே பாடாங் முழுக்க மழை.
நான்கு மொழியில் நான்காவதாய், எல்லாவற்றுக்கும் கீழே,
முழங்கால் உயரத்தில் தமிழ்.
ஒருத்தி குந்தி வாசித்துக்கொண்டிருந்தாள்,
சுவரில் படாமல் விரலை ஓட்டி.
ஏர்கான் குளிருக்கு யாருடைய அளவிலோ ஒரு ஜாக்கெட்.

"பணிப்பெண்ணாம்," என்றாள், என்னிடமோ சுவரிடமோ.
"ஏஜென்சி தாள்லயும் எனக்கு இதே பேருதான்."

ஜெசிந்தா. ஊர் வேம்பார்.
செங்காங்கில் பதினான்காம் மாடி.
இரண்டு பிள்ளைகள், அவளுடையவை அல்ல.

எழுந்து படத்தைப் பார்த்தாள். உடனே,
"மீன் பழசு."

எது?

"கண்ணு உள்ள போயிருச்சு பாருங்க.
செவுளு செங்கல் கலர்ல இருக்கு.
நாலு நாள் ஆயிருக்கும், ஐசும் கிடையாது.
வரையிறவரு மெதுவாத்தான் வரைஞ்சிருக்காரு.
இவ அத்தன நாளும் அதப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கா."

நான் பார்த்ததெல்லாம் வெளிச்சம்.
இருட்டைக் கிழித்துக்கொண்டு
செப்புச் சட்டியின் விளிம்பில், ஈர மணிக்கட்டில்,
நசுக்கிய பூண்டின் ஒரு பல்லில்.
ஏழு வரைவு எழுதினேன்.
ஒரு வரைவிலும் நாறவில்லை.

பெண்ணின் தோளுக்குப் பின்னே சுவரில் ஒரு திறப்பு.
அதற்குள் நகத்தளவில் மூன்று பேர்:
உட்கார்ந்தவர், காலடியில் ஒருத்தி, கைநீட்டி ஒருத்தி.
"மார்த்தா வீட்டுக் குசினி," என்றாள்.
சமையலறை என்று நான் அடித்துத் திருத்தி எழுதிய இடம்.
இந்தப் படம் போலவே கடல் தாண்டி வந்து
அவள் கரையில் இறங்கிய சொல்.
மூன்றே எழுத்து.

"ஆனா இவ மார்த்தா இல்ல.
மார்த்தா வீட்டுக்காரி.
தங்கச்சி சும்மா இருக்கா, வேலையெல்லாம் என் தலையிலன்னு
சாமிகிட்டயே சண்டை போட்டவ.
அப்ப இவ யாரு?
அந்தச் சண்டையில இவளக் கணக்குலயே சேக்கலயே."

காவலர் ஒரு அடி தள்ளி நிற்கச் சொன்னார்.
நின்றோம்.

"சிந்தனையும் இல்ல ஒண்ணும் இல்ல.
யாரோ கூப்புட்டிருக்காங்க.
கத்தி நிக்கல பாருங்க.
காது மட்டும் திரும்பியிருக்கு."

அவள் பையில் கைப்பேசி அதிர்ந்தது.
எடுப்பதற்கு முன் ஒரு கணம்
குடை நுனியிலிருந்து சொட்டும் நீரைத்
துடைத்துக்கொண்டிருந்த கை துடைத்தபடியே இருந்தது.
மேற்கொண்டு நான் எழுத வேண்டியதில்லை.

"ஏழு மணிக்குத்தான் வரணும்னாங்க. இப்ப அஞ்சுக்காம்."
ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றினாள்.

அப்போதுதான் சொன்னேன், கீழே இருப்பதை எழுதியது நான் என்று.
வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை.
எவ்வளவு தருவார்கள் என்று கேட்டாள்.

"சொல்லுக்கு இருபத்தஞ்சு காசு."

மனக்கணக்குப் போட்டாள். பத்து வெள்ளி.
"மீனுக்கும் அவளுக்கும் ஒரே ரேட்டா?"

சிட்டி ஹால் படிக்கட்டில் இறங்கிப் போனாள்,
குடையை விரிக்காமலே.

'யாரோ அழைத்த' என்று மாற்ற முடியுமா எனக் கேட்டு அன்றிரவே எழுதினேன்.
பலகை அச்சாகிவிட்டது,
அடுத்த முறை கவனத்தில் கொள்கிறோம் என்றார்கள்,
அதே சிரித்த முகத்தோடு.